போட்டோ போடுகிறவர்கள் மட்டும்தான் வேலூருக்கு வருகிறார்களா?

நண்பர் கேட்டிருப்பது இது: இன்ஸ்டாகிராம், ஃபிளிக்கர் போன்ற தளங்களில் மக்கள் போடும் படங்களின் லொகேஷனை எடுத்து, வேலூருக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் எங்கெல்லாம் போகிறார்கள் என்று முதுகலைத் திட்டத்துக்காக ஒரு வரைபடம் போட முடியுமா, அதை மாநகராட்சிக்குக் கொடுத்தால் உபயோகப்படுமா, எந்த மென்பொருளில் செய்வது. பார்த்தால் தொழில்நுட்பக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் தெரியாமல் மற்றதைத் தொடக்கூடாது: படம் போடுகிறவர்களை எண்ணினால் ஊருக்கு வருகிறவர்களை எண்ணியதாக ஆகுமா? சில ஊர்களில் ஓரளவுக்கு ஆகும். வேலூரில் ஆகாது என்பது என் கருத்து, ஏன் என்று கீழே சொல்கிறேன். நகரத் திட்டமிடலுக்கான வரைபட வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், ஊரும் வேலூர்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்த முறை ஏமாற்று வேலை கிடையாது. படத்தை வரைபடத்தின் மேல் ஒட்டும் வசதியை ஃபிளிக்கர் 2006-இல் கொண்டுவந்தது, அதற்கு இரண்டு வருஷத்துக்குள்ளேயே ஃபபியான் ஜிரார்டானும் கூட்டாளிகளும் ரோம் நகரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள் என்பதைப் படங்களையும் செல்போன் தகவலையும் வைத்துக் காட்டிவிட்டார்கள். 2009-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுமார் 3.5 கோடி படங்களை எடுத்து, எந்த நகரத்தில் எந்த இடம் அதிகம் படம் பிடிக்கப்படுகிறது என்று கணினியையே கண்டுபிடிக்க வைத்தார்கள். 2010-இல் எரிக் ஃபிஷர் போட்ட வரைபடங்களை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள், உள்ளூர்க்காரர் எடுத்த படம் நீலம், வெளியூர்க்காரர் எடுத்தது சிவப்பு, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதது மஞ்சள். உலகம் முழுக்க இதைப் பார்த்துத்தான் நிறைய மாணவர்களுக்கு இந்த ஆசை வந்தது. 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு 31 நாடுகளில் 836 சுற்றுலா இடங்களை எடுத்துக்கொண்டு, ஃபிளிக்கர் படங்களின் எண்ணிக்கையையும் அங்கே நிஜமாக எண்ணப்பட்ட வருகையாளர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டது. இரண்டும் ஓரளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதுதான் முடிவு. அந்த ‘ஓரளவுக்கு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இயற்கைப் பூங்கா, கடற்கரை, ஏரி மாதிரி இடங்களுக்குப் போகிறவர் படம் எடுக்கத்தான் போகிறார், அதனால் அங்கே அது ஒத்துவருகிறது.

இனி தரவு கிடைக்குமா என்ற விஷயம். பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அதே மாதிரி செய்ய உட்கார்ந்தால் முதல் வாரத்திலேயே சுவரில் முட்டிக்கொள்வீர்கள். இன்ஸ்டாகிராம் 2016-லேயே தன் ஏபிஐ கதவை (வெளி நிரல்கள் தளத்திடம் தரவு கேட்டு வாங்கும் வழி) கிட்டத்தட்ட மூடிவிட்டது, மிச்சமிருந்த பழைய ஏபிஐயும் 2020-இல் போய்விட்டது. ட்விட்டர் 2019-இல் துல்லியமான லொகேஷன் வசதியை எடுத்தது, 2023-இல் இலவச ஏபிஐயையும் நிறுத்தியது. கூகுள் மேப்ஸில் ஓர் இடத்துக்கு ஆயிரம் மதிப்புரை இருந்தாலும் ஏபிஐ வழியாக ஐந்துதான் வரும். நிரல் எழுதித் தளத்தின் பக்கங்களிலிருந்து திருட்டுத்தனமாகத் தரவை உரித்து எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அது அந்தத் தளங்களின் விதிக்கு எதிரானது, கல்லூரித் திட்டத்தில் அப்படிச் செய்து மாட்டிக்கொள்ள வேண்டாம். நேர்மையாகக் கிடைப்பது ஃபிளிக்கர்தான். அதிலும் ஒரு தேடலுக்கு 4,000 படங்களுக்கு மேல் கொடுக்காது, ஆகவே ஊரைச் சின்னச் சின்னச் சதுரமாகவும் காலத்தை மாதம் மாதமாகவும் உடைத்துக் கேட்க வேண்டும். ஆய்வுக்காகவே 2014-இல் வெளியிட்ட 10 கோடி படங்களின் பெரிய தொகுப்பு ஒன்றும் உண்டு, அதில் ஏறக்குறைய பாதிக்கு லொகேஷன் இருக்கிறது. ஆனால் அது முழுக்க 2014-க்கு முந்தைய உலகம். அந்தக் காலத்தில் வேலூரில் ஃபிளிக்கரில் படம் போட்டவர் யார்? கேமரா வைத்திருந்த வெளிநாட்டவர், சென்னையிலிருந்து வார இறுதியில் கோட்டை பார்க்க வந்த புகைப்பட ஆர்வலர், அப்புறம் விஐடி பல்கலைக்கழக மாணவர்கள் கொஞ்சம் பேர் என்று சொன்னால் பெரிதாகத் தப்பாகாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் எல்லோர் கையிலும் கேமராவும் இணையமும் சேர்ந்து வந்துவிட்டது, ஆனால் அவர்கள் போன இடம் ஃபிளிக்கர் இல்லை, நமக்குக் கதவு மூடியிருக்கும் தளங்கள்.

அடுத்து, லொகேஷன் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு விஷயம். ஒன்று, போன் ஜிபிஎஸ் பிடித்துப் படத்துக்குள் எழுதி வைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை. திறந்தவெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும், நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் தள்ளிப்போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் அழிந்துவிடும், அதனால் நண்பர்களிடம் ‘நீங்க எடுத்த படத்தை அனுப்புங்க’ என்று கேட்டுச் சேர்ப்பதாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று, போஸ்ட் போடும்போது ஒருவர் பட்டியலிலிருந்து தானே தேர்ந்தெடுக்கும் இடப்பெயர். இன்ஸ்டாகிராமில் இருப்பது இது. நேற்று எடுத்த படத்தை இன்று சென்னையில் உட்கார்ந்து போட்டு ‘வேலூர் கோட்டை’ என்று போடலாம். ‘வேலூர்’ என்று மட்டும் போட்டால் அத்தனை படமும் ஊரின் நடுவே ஒரே புள்ளியில் குவியும், ஹீட்மேப் (புள்ளிகள் நெருக்கமாக உள்ள இடத்தை அடர்நிறத்தில் காட்டும் வரைபடம்) போட்டதும் அந்தப் புள்ளி செக்கச்செவேலென்று எரியும், ஏதோ பெரிய சுற்றுலாத் தலம் மாதிரி. அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஃபிளிக்கரில் ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 16 வரை துல்லிய அளவு இருக்கிறது, 11 என்றால் ஊர் அளவு, 16 தெரு அளவு. 15-க்குக் கீழே உள்ளதை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள். எழுத்தை வைத்துத் தேடினால் பரமத்தி வேலூர் படங்களும் உள்ளே வரும், ‘கோல்டன் டெம்பிள்’ என்று தேடினால் அமிர்தசரஸ் மொத்தமும் வந்து விழும். இதெல்லாம் சில்லறைத் தொல்லை, பொறுமை இருந்தால் சரிசெய்துவிடலாம்.

சரிசெய்ய முடியாதது வேறு. ஊருக்குத் தெற்கே 8 கிலோமீட்டர் வாக்கில், திருமலைக்கோடியில் இருக்கும் ஸ்ரீபுரம் பொற்கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் குடமுழுக்கு ஆனதிலிருந்து வேலூர் என்றதும் வெளியூர்க்காரர் வாயில் முதலில் வரும் பெயர் அதுதான், ஆந்திராவிலிருந்து வரும் பேருந்துகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் உள்ளே போனுக்கும் கேமராவுக்கும் அனுமதி கிடையாது. வாசலில் கவுண்டரில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் அந்த நட்சத்திர வடிவப் பாதையில் நடக்கத் தொடங்குகிறோம். அந்தப் பாதை மட்டும் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல், வரிசையோடு சேர்த்தால் சில மணி நேரம் ஓடிவிடும். அந்தச் சில மணி நேரமும் டிஜிட்டல் உலகத்தைப் பொறுத்தவரை அந்த மனிதர் இல்லவே இல்லை. வெளியே வந்து போனை வாங்கிய பிறகு கார் நிறுத்துமிடத்திலோ எதிரே இருக்கும் கடையிலோ குடும்பத்தோடு ஒரு படம் எடுப்பார். ஆக, ஜிபிஎஸ் புள்ளிகளை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் கோயிலைச் சுற்றி ஒரு வளையம் வரும், நடுவில் ஓட்டை. இடப்பெயரை வைத்துப் போட்டால் எல்லாம் கோயிலின் மேலேயே விழும், ஆனால் நேரம் தப்பாக இருக்கும். மாவட்டத்திலேயே அதிகக் கூட்டம் வரும் ஓர் இடத்துக்கு இந்த நிலைமை என்றால், ‘எங்கே அதிக நேரம் இருக்கிறார்கள்’ என்ற உங்கள் கேள்விக்கு இந்தத் தரவு என்ன பதில் சொல்லும்?

இதையாவது கண்ணுக்குத் தெரிகிற குறை என்று சொல்லலாம். கண்ணுக்கே தெரியாத கூட்டம் ஒன்று இருக்கிறது. காலையில் காட்பாடி ஜங்ஷனில் ஹவுரா பக்கத்திலிருந்து வரும் ரயில் நின்றதும் இறங்குகிறவர்களைப் பாருங்கள். பெரிய பைகள், எக்ஸ்ரே உறை, ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் இறக்கிவிடுவது. மேற்கு வங்கம், ஜார்கண்ட், பீகார், அசாம், திரிபுரா, எல்லை தாண்டி வங்கதேசம். எல்லோரும் சிஎம்சிக்கு, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறவர்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை இன்று இந்த ஊரின் பொருளாதாரத்தையே தாங்குகிறது என்று நான் வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் போனால் லாட்ஜ் பலகை வங்காளத்தில் இருக்கும், ஹோட்டல் வாசலில் மீன் சோறு, சில லாட்ஜில் அறையோடு சேர்த்து அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு. சோதனை முடிவுக்காக, அடுத்த டாக்டர் தேதிக்காக, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காக வாரக்கணக்கில் தங்குகிறார்கள். இவர்கள் எத்தனை பேர் தங்கள் லாட்ஜ் வாசலில் நின்று படம் எடுத்து லொகேஷன் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வைப்பார்கள்? வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து வந்திருக்கும் குடும்பம் அது. வீட்டுக்கு வீடியோ கால் பேசுவார்கள், வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்புவார்கள், அது எதுவும் நம் தரவில் வராது. அதே குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொற்கோயிலுக்கோ, சாயங்காலம் கோட்டை அகழி ஓரத்துக்கோ போய்க் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும்போது ஒரு படம் போடலாம். உங்கள் வரைபடத்தில் அவர்கள் கோட்டைக்கு வந்த சுற்றுலாப் பயணியாக ஒரு புள்ளி ஆவார்கள், காந்தி ரோட்டில் கழித்த மற்ற நாள்கள் எங்கேயும் பதிவாகாது.

‘நோயாளிகள் எப்படிச் சுற்றுலாப் பயணி ஆவார்கள்’ என்று கேட்கலாம். ஐநாவின் சுற்றுலா அமைப்பு வைத்திருக்கும் வரையறைப்படி, தன் வழக்கமான சூழலை விட்டு ஒரு வருஷத்துக்குக் குறைவாக வெளியே போகிற எவரும், அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யாதவரை, வருகையாளர்தான். சிகிச்சையும் ஒரு நோக்கமாக அதில் சேர்கிறது. எனவே வேலூரில் இவர்களை விட்டுவிட்டு ‘சுற்றுலா வரைபடம்’ என்று பெயர் வைத்தால் அந்தப் பெயரே தவறாகிவிடும்.

இன்னொரு சிக்கல், உள்ளூர்க்காரர் யார், வெளியூர்க்காரர் யார் என்று பிரிப்பது. ஃபிஷரின் விதி எளிமையானது: ஓர் ஊரில் ஒரு மாதமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டுப் படம் எடுத்திருந்தால் உள்ளூர், மாதத்துக்குள் முடிந்துவிட்டு வேறு ஊரில் நிறைய எடுத்திருந்தால் வெளியூர். பாரிஸுக்கும் லண்டனுக்கும் அது வேலை செய்யும். வேலூரில் அப்படியே போட்டுப் பாருங்கள். ஐந்து வாரம் தங்கிக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொள்ளும் அப்பாவோடு இருக்கும் சிலிகுரிப் பையன் உள்ளூர்க்காரன் ஆகிவிடுவான். சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்து சென்னையில் வேலை பார்க்கிற பெண் பொங்கலுக்கு வந்து நாலு படம் போட்டால் சுற்றுலாப் பயணி ஆகிவிடுவாள். காட்பாடியில் நாலு வருஷம் தங்கும் விஐடி மாணவர் எந்தப் பக்கம்? அவரைப் பார்க்க வரும் பெற்றோர்? என் யோசனை, இரண்டு பெட்டி போதாது. குறுகிய வருகை, நீண்ட தங்கல், திரும்பத் திரும்ப வருகை, குடியிருப்பு என்று நாலாகப் பிரியுங்கள், அவருடைய வீடு எங்கே என்பதை வேலூர்ப் படங்களை மட்டும் பார்க்காமல் அவருடைய மொத்தப் படங்களில் எந்த ஊரில் அதிக மாதங்கள் இருக்கிறார் என்பதை வைத்துத் தீர்மானியுங்கள். எழுதும் மொழியும் ஒரு தடயம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், இங்கே வீட்டில் உருதும் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன.

எண்ணும் முறை பற்றி இரண்டு வார்த்தை. படங்களை எண்ணாதீர்கள், ஆட்களை எண்ணுங்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்கள் முன்னால் ஒரு புகைப்படக்காரர் நின்றால் யாளி, குதிரை வீரன் என்று ஒரே மதியத்தில் முந்நூறு படம் எடுப்பார். அது முந்நூறு பேர் வந்ததாக ஆகாது. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே இடம் என்றால் ஒன்று என்று கணக்கு வைப்பதுதான் இந்தத் துறையில் வழக்கம். புள்ளிகளைக் குழுவாகச் சேர்க்க டிபிஸ்கேன் என்ற முறையைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள், அதிலும் குறைந்தபட்சப் புள்ளிகள் என்பதற்குப் பதில் குறைந்தபட்ச ஆட்கள் என்று மாற்றிய வடிவம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் புள்ளிகளை ஒன்றாகச் சேர்ப்பது, அதாவது ஆரம் எவ்வளவு வைப்பது என்பதில்தான் நம் ஊரின் அளவு முக்கியமாகிறது. கோட்டை மொத்தமே 133 ஏக்கர், சதுரமாக நினைத்தால் பக்கத்துக்கு எழுநூறு மீட்டர் சொச்சம். அங்கிருந்து சிஎம்சி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். பெரிய நகரங்களுக்கு எழுதிய கட்டுரையைப் பார்த்து 500 மீட்டர் ஆரம் வைத்தீர்கள் என்றால் கோட்டை, பழைய பேருந்து நிலையம், காந்தி ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே குழுவாக ஒட்டிக்கொள்ளும், அதற்கு மேல் ‘வேலூர் கோட்டை’ என்று பெயர் எழுதிவிடுவீர்கள். ஹீட்மேப்பிலும் இதே ஆபத்து, ஆரத்தைக் கூட்டக் கூட்டப் படம் அழகாகிக்கொண்டே போகும், உள்ளே இருக்கும் விவரம் கரைந்துகொண்டே போகும். 50, 100, 200 மீட்டர் என்று மூன்று முறை போட்டுப் பாருங்கள். மூன்றிலும் நிலைத்து நிற்கிற குழுவை நம்பலாம். கோட்டைக்குள் மட்டும் 50 மீட்டரில் போட்டால் அகழிப் பாலம், கோயில் கோபுரம், மதில் மேல் நடைபாதை, தேவாலயம், அருங்காட்சியகம் என்று தனித்தனியாகப் பிரிய வாய்ப்பு இருக்கிறது, எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த அதே கோட்டையில் வருகிறவர் எந்தப் பகுதியைப் பார்க்காமலேயே திரும்பிப் போகிறார் என்று தெரிந்தால் வழிகாட்டிப் பலகை எங்கே வைக்கலாம் என்று நேரடியாகச் சொல்லலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஃபிளிக்கரில் படம் எடுத்த நேரம் கேமராவின் கடிகாரப்படி, ஏற்றிய நேரம் உலக நேரப்படி. வங்கதேசத்து நேரம் நமக்கு அரை மணி முன்னால். தனிக் கேமராவின் கடிகாரத்தை யாரும் மாற்றுவதில்லை. மணி வாரியான வரைபடம் போடுவதாக இருந்தால் அரை மணிப் பிழை பெரிதில்லை, ஆனால் ஐரோப்பியக் கேமராக்களில் அது நாலைந்து மணி ஆகி, பொழுது சாயும் படம் மத்தியானத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, இவ்வளவு குறை இருக்கிற தரவு எந்த இடத்தில் நம்பத்தக்கது என்று எப்படிச் சோதிப்பது? இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஊருக்கு வருகை திடீரென்று குறைந்த காலங்கள் நமக்கே தெரியும். 2020 மார்ச் முடக்கம் ஒன்று, அப்போது எல்லாமே விழுந்திருக்கும், தரவு அடிப்படையில் சரியா என்று பார்க்க உதவும். அதைவிட முக்கியமானது 2024 ஆகஸ்ட். வங்கதேசத்தில் ஆட்சி மாறியதும் அங்கிருந்து வருகிறவர்களுக்கு இந்திய விசா வெகுவாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அப்போது வேலூருக்கு வருகிறவர்களில் ஒரு குறிப்பிட்ட பகுதி மட்டும் சுருங்கியிருக்க வேண்டும், மற்றவர்கள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தார்கள். உங்கள் தரவை 2024 ஆகஸ்ட்டுக்கு முன், பின் என்று பிரித்துப் போடுங்கள். எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால் உங்கள் வரைபடம் அந்த மக்களை எந்தக் காலத்திலும் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அந்த ஒரு ஒப்பீட்டை ஆய்வில் சேர்த்தாலே பத்து ஹீட்மேப்பைவிட மதிப்பு அதிகம் என்பேன்.

அப்புறம் நேரடியாக எண்ணப்பட்ட எண்களோடு ஒப்பிட வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டுக் கணக்கு இருக்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், ஆக வெளிநாட்டவர் பற்றிய கணக்கு அரசிடம் உண்டு. பெயர், முகவரி எதுவும் வேண்டாம், மாத வாரியாக மொத்த எண் மட்டும் போதும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் லாபம். எஸ்டோனியாவில் செல்போன் கோபுரத் தரவை வைத்தே சுற்றுலாப் புள்ளிவிவரம் தயாரித்திருக்கிறார்கள், போஸ்ட் போடாதவரையும் அது எண்ணிவிடும். நம் ஊரில் ஒரு மாணவருக்கு அது கைக்கெட்டாது. கைக்கெட்டுவது நடந்து போய்க் கேட்பது. காந்தி ரோட்டில் இரண்டு லாட்ஜ், காட்பாடி ஸ்டேஷன் ஆட்டோ நிறுத்தம், ஸ்ரீபுரம் கார் நிறுத்துமிடம், கோட்டை வாசல், இந்த நாலு இடத்தில் வார நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று நின்று, எங்கிருந்து வந்தீர்கள், எத்தனை நாள், வேறு எங்கே போனீர்கள், லொகேஷன் போட்டு ஏதாவது போஸ்ட் செய்தீர்களா என்று நாலே கேள்வி. வங்காளமோ இந்தியோ தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி நாளைத் தவிருங்கள், திருவண்ணாமலை கிரிவலத்துக்குச் சித்தூர்ப் பக்கமிருந்து போகிறவர்கள் வேலூரில் பஸ் மாறுவார்கள், அந்தக் கூட்டம் உங்கள் கணக்கைப் புரட்டிப்போட்டுவிடும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் ஆய்வின் உயிர்: எந்த வகை வருகையாளர் போஸ்ட் போடுகிறார், எந்த வகை போடவில்லை என்று அதிலிருந்து தெரியும்.

எதைத் திடமாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று என் கணிப்பை எழுதிவிடுகிறேன். படம் போடுகிறவர்களுக்குள் கோட்டையின் எந்தப் பகுதி பிரபலம், எந்த மாதம் கூட்டம், கோட்டை பார்த்தவர் அடுத்து எங்கே போகிறார் என்பதையெல்லாம் போதுமான ஆட்கள் இருந்தால் தைரியமாக எழுதலாம். மொத்தம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று இதிலிருந்து எழுதவே கூடாது. பொற்கோயிலா கோட்டையா, எது பெரியது என்ற ஒப்பீடும் கூடாது, ஒன்றில் போனுக்குத் தடை, மற்றதில் இல்லை. அமிர்தி, வள்ளிமலை, விரிஞ்சிபுரம் மாதிரி இடங்களில் புள்ளி குறைவாக இருப்பதை வைத்து ‘மக்கள் போவதில்லை’ என்று சொல்வது சந்தேகத்துக்குரியது, விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரரைக் கும்பிடப் போகிற பாட்டி செல்ஃபி எடுப்பதில்லை. இன்னொன்று, மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது, ஏலகிரியும் காவலூர் வானோக்கு நிலையமும் இப்போது திருப்பத்தூரில், சோளிங்கர் ராணிப்பேட்டையில். பிரிவதற்கு முந்தைய வேலூர் மாவட்டக் கணக்கில் மொத்தமாகப் பார்ப்பதா, இன்றைய எல்லைக்குள் மட்டுமா என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால் பயணி மாவட்ட எல்லை பார்த்துப் போவதில்லை, மூன்றையும் சேர்த்தே எடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 15 லட்சம் பேரின் செல்போன் இடத்தகவலை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்று நாலே நாலு புள்ளி தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம் என்று கண்டார்கள். பெயரை எடுத்துவிட்டேன், அதனால் பரவாயில்லை என்று நினைப்பது எவ்வளவு தவறு என்று இதிலிருந்து புரியும். வேலூரில் இது இன்னும் மோசம். ஒருவருடைய புள்ளி தினமும் காலையில் ஆஸ்பத்திரியின் ஒரு குறிப்பிட்ட கட்டடத்திலும் இரவில் ஒரு லாட்ஜிலும் விழுகிறது என்றால் அவருக்கு என்ன நோய் என்பது வரை ஊகித்துவிடலாம். கல்யாணப் பேச்சு, வேலை, காப்பீடு என்று எத்தனை விஷயத்தில் அது ஒருவருக்குப் பாதகமாக முடியும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பகிரங்கமாக வெளியிட்ட தகவலுக்குப் பொருந்தாது என்கிறது. நான் வக்கீல் இல்லை, உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள். ஆனால் சட்டம் விட்டாலும் நீங்கள் விடாதீர்கள். மருத்துவமனை வளாகத்தையும் அதைச் சுற்றிய தெருக்களையும் தனிமனிதப் பாதையாக வரையவே வேண்டாம், வரைபடத்தின் ஒரு சதுரத்தில் பத்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தச் சதுரத்தை வெறுமையாக விடுங்கள், பயனர் எண்ணை ஆய்வு முடிந்ததும் அழித்துவிடுங்கள், எவருடைய படத்தையும் அறிக்கையில் ஒட்டாதீர்கள்.

மாநகராட்சிக்குக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், ஆனால் தலைப்பை மாற்றிவிட்டு. ‘சுற்றுலாப் பயணிகள் எங்கே போகிறார்கள்’ என்று போட்டுக் கொடுத்தால், பார்க்கிற அதிகாரி சிவப்பாக எரிகிற இடத்துக்குத்தான் பணம் ஒதுக்குவார். கோட்டை வாசலில் இன்னொரு செல்ஃபி மேடை வரும். காந்தி ரோட்டில் வரைபடம் இருட்டாக இருப்பதால் அங்கே கழிப்பறையோ நிழலில் ஒரு பெஞ்சோ குடிநீரோ வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. மே மாத வெயிலில் ஓபி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க முடியாமல் கடை வாசல் படியில் உட்காருகிறவரை எந்த செயற்கைக்கோளும் எந்த ஆப்பும் கணக்கெடுக்கவில்லை. அதனால் ‘படம் பகிர்ந்தவர்கள் சென்ற இடங்கள்’ என்று தலைப்பு வையுங்கள், அதன் பக்கத்திலேயே உங்கள் நேரடிக் கேள்விகளில் கிடைத்த இரண்டாவது வரைபடத்தை அதே அளவில், அதே நிறத்தில் வையுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று ஒரு பத்தி எழுதிவிட்டால் அது மாநகராட்சிக்கு நிஜமாகவே உதவும்.

மென்பொருள் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதிலேயே டிபிஸ்கேனும் ஹீட்மேப்பும் இருக்கிறது, அடிப்படை வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போதும், நம் ஊர்ச் சந்துகள் அதில் விட்டுப்போயிருந்தால் நீங்களே சேர்க்கலாம். தரவை இறக்கவும் ஆள்-நாள் கணக்கு போடவும் மட்டும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி வேண்டும். மீட்டரில் தூரம் அளப்பதற்கு முன் புள்ளிகளை மீட்டரில் இடத்தைக் குறிக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32644-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், டிகிரியிலேயே வைத்து ஆரம் 100 என்று கொடுத்தால் உலகமே ஒரே குழுவாகிவிடும். முதலில் கோட்டையை மட்டும் எடுத்து முழுசாக ஒருமுறை செய்து முடியுங்கள். நேரடிக் கேள்விக்கான படிவத்தை இங்கேயே பதிலில் போட்டால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.